மேனேஜரை மாத்துங்க!

“டோரிஸ் பேசறேன். அந்த மேனேஜர இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க தம்பி!”

“வாங்க டோரிஸ் அம்மா! ரேடியோவ அணைச்சிட்டீங்களா? நாம பேசறது ஏழு செகண்ட் கழிச்சுத்தான் அதுல வரும். கெட்ட வார்த்தைய வெட்ட நேரம் வேணுமில்ல? காலையிலேர்ந்து வெட்டி வெட்டி எங்க ஆளுக்குக் கையே ஓஞ்சுபோச்சு” என்று சிரித்தான் வானொலிக்கார மிட்ச்.

ஓயாமல் என்ன செய்யும்? முந்தின நாள்தான் ஊரின் பேஸ்பால் அணியான ஸ்டீமர்ஸ் தோற்று, பிளே-ஆஃபிலிருந்தே வெளியேறியிருந்தது. விடிந்ததிலிருந்து ஊரே வானொலிக்குப் போன் போட்டு மேனேஜரைக் கிழித்துக்கொண்டிருந்தது.

“ஆறு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு ரன் குடுத்தான் டெஸ்மண்ட். எண்பது பந்துகூட வீசல. அவனப் போய் யாராவது வெளிய எடுப்பாங்களா?” என்றாள் டோரிஸ்.

“அதானே!”

“சரி, எடுத்தாரு. மாத்தி வீசறதுக்குன்னே புல்பென்ல எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க. மூணு நாளா தொடர்ந்து வீசிக் களைச்சுப்போன பிட்மன்தான் கிடைச்சானா? வந்தான், நாலாவது பந்து கூட்டத்துக்குள்ள போய் விழுந்துச்சு. மூணு ரன். கதை முடிஞ்சுது. இனிமே அந்த ஆள் நமக்கு வேண்டாம்!”

“சூப்பர் டோரிஸ் அம்மா! நீங்களே மேனேஜரா வரலாம்!”

போனை வைத்ததும் அவள் மூக்கிலிருந்து விரலை எடுத்தாள். டோரிஸ் என்று யாரும் கிடையாது. துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றிப் பேசியது லொரெய்ன் நோவாக். ஊர் திட்டிக்கொண்டிருந்த மேனேஜர் வால்ட் நோவாக்கோடு நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் செய்தவள்.

அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டெஸ்மண்டின் விரலில் கொப்புளம். “என்னால முடியல கோச், என்னை எடுத்துடுங்க” என்று கேட்டதே அந்தப் பையன்தான். புல்பென்னில் மற்றவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேர் பிட்மனைவிடக் களைத்திருந்தார்கள். வால்ட் பத்திரிகைக்காரர்களிடம் இதில் எதையும் சொல்லவில்லை. “முடிவு என்னோடது” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் அவள் என்ன செய்வாள்? மார்ச்சில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இன்னொரு சீசனை இந்த இதயம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். விலகிவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

“பாதியில விட்டுட்டு ஓடினவன்னு பேரு வாங்க மாட்டேன், லொரெய்ன். அவங்களா அனுப்பினா வரேன்” என்றார்.

அணியின் முதலாளி ஆபீசுக்குப் போகும்போது காரில் மிட்சின் நிகழ்ச்சியைத்தான் கேட்பார் என்று ஊருக்கே தெரியும். ஜூலையில் டோரிஸ் பிறந்தாள்.

லொரெய்ன் ரேடியோவைப் போட்டாள்.

“அடுத்து நம்ம கஸ்!” என்றான் மிட்ச்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கஸ்ஸும் ஜூலையிலிருந்துதான் வருகிறான். எப்போது பார்த்தாலும் சளி பிடித்த தொண்டை. டோரிஸ் ஒன்று சொன்னால் இவன் ஒன்பது சொல்வான்.

“நோவாக்கா? மளிகைக் கடையில வரிசைய ஒழுங்கா நிக்க வைக்கத் தெரியாது அந்த ஆளுக்கு!” என்று ஆரம்பித்தான் கஸ். “அது தலையா, தர்பூசணியா? அவன் பொண்டாட்டி எப்படித்தான் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டாளோ! அந்தம்மாவுக்குக் கோயில்தான் கட்டணும். அவளுக்காகவாவது அவன வீட்டுக்கு அனுப்புங்கய்யா!”

“உன் தலைதான்டா தர்பூசணி!” என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள் லொரெய்ன். வால்ட்டைத் திட்டினால் அவள் திட்டலாம். இவன் யார்?

நல்லவேளை, அவர் காதில் இதெல்லாம் விழவில்லை. விடிந்ததிலிருந்து கார் ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு சரியில்லாத நாட்களில் அங்கேதான் அடைக்கலம்.

“கஸ், ஒரு நிமிஷம்! லைன்லயே இருங்க!” மிட்சின் குரல் உயர்ந்தது. “இப்பத்தான் செய்தி வந்திருக்கு. வால்ட் நோவாக்க மேனேஜர் பதவியிலேர்ந்து நீக்கிட்டாங்க! முதலாளியே அறிவிச்சிட்டாரு!”

லொரெய்ன் துணிக் கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வாய்விட்டு அழுதாள். இனி வால்ட் நேரத்துக்குச் சாப்பிடுவார், நேரத்துக்குத் தூங்குவார், உயிரோடு இருப்பார். அது போதும்.

ஜன்னலுக்கு வெளியே தபால் வண்டி வந்து நின்றது. நாய் அதைப் பார்த்துக் குரைத்தது. “பிக்கிள், சும்மா இரு!” என்று ஷெட்டிலிருந்து வால்ட் அதட்டினார்.

பாவம், மனுஷனுக்கு இன்னும் விஷயமே தெரியாது. போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“கஸ், லைன்ல இருக்கீங்களா?” என்றது ரேடியோ.

“அப்பாடா! ரொம்ப நன்றி தம்பி!” என்றான் கஸ், சளியெல்லாம் காணாமல் போன குரலில்.

அவனுக்குப் பின்னால் ஒரு நாய் குரைத்தது.

“பிக்கிள், சும்மா இரு!” என்று அதட்டினான் கஸ்.