எல்லை தாண்டாத வெட்டுக்கிளி

"ஏய், காகிதத்தைத் தின்னாதே! இது ஊர் வரலாறு!" என்று அதை எழுதிக்கொண்டிருந்த தூரிகை கத்தியது.

"வயல்ல ஒரு இலைகூட மிச்சமில்லை. வேற எதைத் தின்ன?" என்றது வெட்டுக்கிளி.

சீனாவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படி ஒரு புத்தகம் உண்டு. வெள்ளம், பஞ்சம், பூச்சி எல்லாம் வருஷவாரியாக அதில் ஏறும். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உஷாராவார்கள்.

"என்னைப் பத்தி என்ன எழுதப் போறீங்க, தூரிகையாரே?"

"நல்லவர் ஆளுற மாவட்டத்துக்குள்ள பூச்சி நுழையாதாம். எங்க மாவட்ட அதிகாரி ரொம்ப நல்லவராம். அதனால நீ எல்லையிலேயே நின்னு திரும்பிப் போயிட்டியாம். எழுதலேன்னா என் முடியைப் பிடுங்கிடுவாங்க."

வெட்டுக்கிளி விழுந்து விழுந்து சிரித்தது. "எழுதுங்க, எழுதுங்க! நான் போட்ட முட்டையை எவனும் தேட மாட்டான். அடுத்த வருஷம் என் பிள்ளைங்களுக்கு விருந்துதான்!"

தூரிகைக்குச் சுருக்கென்றது. "சும்மா அளக்காதே. நீயாவது, இங்கே முட்டை போடுறதாவது!"

"நானா அளக்கிறேன்? அதிகாரி வீட்டுக் கொல்லையில, மாதுளை மரத்தடியில, ஒரு விரல் ஆழத்துல! போய்த் தோண்டிப் பாரு!"

தூரிகை மையைத் தொட்டு, மாதுளை மரம் வரைக்கும் ஒன்றுவிடாமல் எழுதியது.

பூச்சி எல்லை தாண்டவில்லை என்றுதான் எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை மட்டும் அது எழுதவே இல்லை.