தூங்கவிடாத இரண்டாம் பாகம்

அம்பத்தூர் தியேட்டரில் பகல் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கங்காதரன், வழக்கம்போல ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி முன்சீட்டில் போட்டிருக்கிறான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பகலில் கண்ணயர முடியாது. அவன் டிக்கெட் எடுப்பதே தூங்கத்தான். இந்தப் பேய்ப் படத்தின் முதல் பாகத்தில் அத்தனை அலறலுக்கும் அசையாமல் குறட்டை விட்டவன். இன்று கண் மூட மாட்டேன் என்கிறது. திரையில், போன பாகத்தில் புதைத்தவனை மறுபடி தோண்டி எழுப்பிவிட்டார்கள். எழுந்தவன் யாரையும் பயமுறுத்தவில்லை. மண் ஒட்டிய கைகளைப் பார்த்தபடி குழியோரம் குந்தியிருக்கிறான். அந்த நீல வெளிச்சம் கங்காதரனின் கிரீஸ் படிந்த நகங்களிலும் விழுகிறது. ஃபேன் கிறீச்சிடுகிறது. “இன்னா மாமே, தூங்கலயா? நைட்டு பிரஸ் மிஷின்ல கைய உட்டுக்கப் போற,” என்கிறான் பக்கத்து சீட்டில் பாதித் தூக்கத்திலிருக்கும் கிறிஸ்துராஜ், அதே ஷிஃப்ட்காரன். “மொதோ பார்ட்டே தேவல மச்சான். இது தூங்க உடமாட்டேங்குது.” திரையில் யாரோ சூப்பர்வைசர் மாதிரி பெயர் சொல்லி அதட்ட, செத்தவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுகிறான். கங்காதரனின் கால் இறங்கி, இருட்டில் தானாகச் செருப்பைத் தேடுகிறது.