சைக்கிள் சாவி

அந்தச் சாவிக்குப் பூட்டு கிடையாது. ஒன்றரை வயதில், ஓடும் பஸ்ஸில், காய்ச்சலில் கிடந்த ரீட்டாவுக்குக் கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தபோது, "இரும்பக் குடு!" என்று யாரோ அவள் கையில் திணித்தது.

"இரும்பு ஒண்ணும் செய்யாது. அமுக்கிப் பிடிக்காதீங்க, வாயில எதையும் வைக்காதீங்க," என்றாள் பக்கத்து சீட்டு நர்ஸ். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாட்சைப் பார்த்தாள். ரெண்டு நிமிஷத்தில் நின்றது. பஸ் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கேதான் அம்மா பிலோமினா பிஞ்சு விரல்களைப் பிரித்துச் சாவியைப் பார்த்தாள்.

இன்று ரீட்டாவின் புது ஸ்கூட்டர் சாவியோடு அதையும் கோத்துவிட்டாள்.

"இது எதுக்கும்மா?"

பிலோமினா அந்தப் பழைய சாவியை முந்தானையில் துடைத்து மகள் கையில் வைத்தாள். அவள் மனதுக்குள், அன்று பஸ்ஸில் அந்தச் சாவியைக் கொடுத்த, அவள் முகம் பார்த்தேயிராத ஒருவன், பூட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தான்.