எட்டு அறைக் கம்ப்யூட்டர்

"ஒரு பிரிண்டரை ஓட வைக்க மூணு நாளாடா?"

அக்காவின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மணி நாலு பத்து. அவள் மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். குழந்தைகளுக்கான இருமல் மருந்தில் விஷம் கலந்திருப்பதைக் காட்டும் பதினாலு பக்க ரிப்போர்ட், அவள் கையெழுத்தோடு காகிதமாக, ஐந்து மணிக்குள் அடுத்த தெருவிலிருக்கும் விசாரணைக் குழுவிடம் போய்ச் சேர வேண்டும். தவறினால் விசாரணை முடிந்தது. மருந்து மறுபடி கடைக்கு வந்துவிடும்.

"இது சாதாரண கம்ப்யூட்டர் இல்லக்கா," என்றான் தம்பி. "யாரும் நுழையக் கூடாதுன்னு உள்ள எட்டு அறையா பிரிச்சுப் பூட்டியிருக்கேன். உன் ரிப்போர்ட் இருக்கிற அறைக்கு நெட்டே கிடையாது. பிரிண்டரோ வைஃபைல நிக்குது. ரெண்டையும் பேச வைக்கணும்ல?"

"ஒண்டிக் குடித்தனம் பண்றவளுக்கு எட்டு அறை. ரொம்பத்தான் அவசியம்."

கதவருகே அவள் கணவர் எட்டிப் பார்த்தார். அதே கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர்.

"பென் டிரைவ்ல போட்டுக் கொடும்மா. முக்குக் கடையில பத்து நிமிஷத்துல பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன்."

தம்பி அவள் காதருகே குனிந்தான். "கடைக் கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட்டோட காப்பி தங்கிடும்க்கா. அதோட மாமாவும் கம்பெனி ஆளு. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? இருபது வருஷமாக அந்த முதலாளியின் உப்பைத் தின்கிறவர். கட்டின புருஷனையே நம்ப முடியாத பிழைப்பாகிவிட்டதே என்று அவளுக்குக் கசந்தது.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றாள் வெடுக்கென்று. அவர் திரும்பிப் போய்விட்டார்.

நாலரை. நாலே முக்கால். தம்பி எதையோ அழித்தான், மறுபடி ஏற்றினான், ஒரு அறையை மூடி இன்னொன்றைத் திறந்தான். பிரிண்டர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஐந்து அடித்தது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளைங்க பாவம் நம்மளைச் சும்மா விடாதுடா."

"நீ என்னக்கா பண்ணுவ? நானும் முட்டி மோதிப் பாத்துட்டேன்." எழுந்து மொட்டை மாடிக்குப் போனான்.

இவனாவது கூட நின்றானே. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட்டு எடுத்துப் படியேறினாள்.

தம்பி முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"மணி அஞ்சு தாண்டிடுச்சு சார். அக்கா ரிப்போர்ட் ஒரு பக்கம்கூட வெளிய போகலை. திங்கக்கிழமையே உங்க கம்பெனில சேர்ந்துக்கட்டுமா?"