நாற்பத்திரண்டாவது அடிக்குறிப்பு

லாக்கப் மரணங்கள் பற்றி ஜெபராணி எழுதிய சட்டக் கல்லூரி முதலாண்டுக் கட்டுரைக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்திருந்தது; ஃபெயில். நாற்பத்தோரு அடிக்குறிப்புகளில் பிழையில்லை. அடிக்குறிப்பே இல்லாத ஒரு வாக்கியத்தைப் பேராசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்: ‘ஸ்டேஷனில் வைத்து அடித்தே கொன்றார்கள்.’

“இதுக்கு ஆதாரம் எங்கம்மா?”

“எங்க அண்ணன் சார். முதுக நானே பாத்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோர்ட்டுன்னா நீ சாட்சி. கட்டுரைக்குப் பேப்பர் வேணும்மா. ஏதாவது இருந்தா அடிக்குறிப்பாப் போட்டுக் கொண்டா, பாஸ் போட்டுடறேன்.”

வீட்டில், அம்மாவின் புடவைகளுக்கு அடியில் அண்ணனைப் பற்றிய ஒரே தாள் இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஜெபராணி அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் 42 என்று எழுதினாள். அடிக்குறிப்புக்கு வேண்டிய எல்லாமே தாளில் இருந்தன: எண், தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை.

இறப்புக்கான காரணம்: மாரடைப்பு.