பதினோராவது கேள்வி

"நீங்க நீந்துவீங்களா?" என்று பயிற்சியாளர் தன் சொந்தத் தங்கையைக் கேட்டாள்.

கேட்கவே தேவையில்லாத கேள்வி. அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே இவள்தான்.

"நீந்துவேன்" என்றாள் தங்கை. கூடவே ஒரு 'அக்கா'வைச் சேர்க்கவில்லை.

டைவிங் கடை ஒரே அறைதான். முன்வாசலில் கடல், பின்வாசலில் பாலைவனம். நாற்பது கிலோமீட்டருக்கு வேறு கட்டடம் கிடையாது. காலையில் பவளப்பாறை, மதியம் ஆமைகளின் கரை, வெயில் தாழ்ந்ததும் மணல்மேடு. எதையும் தொடாமல் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இங்கே இடம். படகோட்டிகள் பயிற்சியாளருக்கு வைத்திருந்த பெயர் 'கறார்'. சாதாரண ஜலதோஷத்துக்காக ஒரு பெரிய அதிகாரியையே கரையில் உட்காரவைத்தவள்.

தங்கையின் கணவனை இவள் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் போகவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். "அக்கா, உங்களைப் பத்தி இவ நிறைய சொல்லியிருக்கா."

"உறவெல்லாம் வெளியில வெச்சுக்கலாம். இங்க படிவத்தை நிரப்புங்க."

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. பெஞ்சில் காத்திருந்த மற்ற நான்கு பேரும் ஆமைப் படம் ஒட்டிய சுவரை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அம்மா முன்னமே இல்லை. சிறுநீரகம் கொடுக்க இவளுடைய ரத்தம் அப்பாவுக்குச் சேரவில்லை. தங்கையின் ரத்தம் சேர்ந்தது. தங்கை ஒருநாள் முழுக்கப் பரிசோதனைகளுக்குப் போய்வந்தாள். மறுநாள் காலை வார்டு வாசலில் நின்று, "என்னால முடியாது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று எத்தனையோ முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுப்பெண்ணுக்கு வயிற்றில் தழும்பு விழுந்துவிடக் கூடாதாக்கும் என்று இவள் வார்டே கேட்கும்படி கத்தினாள். தங்கையைப் பிடித்துத் தள்ளியும் விட்டாள். கட்டிலிலிருந்து அப்பா, "விடும்மா, அவளை ஒண்ணும் சொல்லாத" என்றார். சாகப்போகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று இவளுக்கு அழுகை வந்தது. அவர் அடக்கமான மறுநாளே தங்கையின் எண்ணை அழித்தாள். பிறகு ஊரைவிட்டே வந்து இந்தக் கடலோரம் சேர்ந்தாள்.

தங்கை நிரப்பிய படிவத்தை மேசைமேல் தள்ளினாள்.

அதைப் பயிற்சியாளர் மட்டும்தான் படிக்க வேண்டும் என்பது கடையின் விதி. படிவத்தை எழுதும்போது தங்கை கணவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்ததை இவள் கவனித்திருந்தாள்.

பேனாவைத் திறந்துகொண்டு படித்தாள். ஒரே ஒரு 'ஆம்' போதும், தங்கையைப் பையோடு வெளியே அனுப்பிவிடலாம்.

இதயக் கோளாறு உண்டா? இல்லை. ஆஸ்துமா? இல்லை. காதில் அறுவை? இல்லை. வலிப்பு, மயக்கம், கர்ப்பம், எல்லாவற்றுக்கும் இல்லை.

பயிற்சியாளருக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல திடமான உடம்பு. பத்திரமாகக் காப்பாற்றி வைத்துக்கொண்ட உடம்பு.

பதினோராவது கேள்வி, உள் உறுப்புகளில் ஏதேனும் குறை உண்டா என்பது.

ஆம்.

கீழே சின்ன எழுத்தில் விவரம் இருந்தது. 'பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். ஸ்கேனில் தெரியவந்தது.' பக்கத்தில் தேதி. அது எந்த நாள் என்று பயிற்சியாளருக்குத் தெரியும். அந்தப் பரிசோதனைகள் நடந்த நாள்.

படிவத்தோடு ஒரு மருத்துவரின் கடிதமும் குத்தியிருந்தது. ஆழம் குறைவாக இருந்தால் போகலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

பயிற்சியாளர் இரண்டாவது முறை படித்தாள். பின்னால் கம்ப்ரசர் சிலிண்டர்களுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தது. யாராவது அதை நிறுத்தினால் தேவலை என்றிருந்தது.

நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். தங்கை கண்ணை விலக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வார்டு வாசலில் தள்ளியபோது எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று கணவன் எட்டிப் பார்த்தான்.

பயிற்சியாளர் படிவத்தைச் சட்டென்று கவிழ்த்தாள். "எட்டிப் பார்க்காதீங்க. உங்க படிவம் எங்க?" என்றாள். குரல் வழக்கம்போலக் கறாராகவே வந்தது. அவன் பெஞ்சுக்குத் திரும்பிப் போனான்.

அவன் உட்காரும்வரை பொறுத்திருந்து, படிவத்தை மெல்லத் திருப்பினாள். கடைசி வரி பாக்கி இருந்தது.

'உங்கள் உடல்நிலையை முழுவதும் அறிந்த குடும்பத்தினர் ஒருவர்.'

அங்கே தங்கை 'அப்பா' என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள்.

அதன் கீழே 'அக்கா' என்று எழுதி, இந்தக் கடையின் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தாள்.