சிவப்புக் கோட்டுக்கு மேலே

நகராட்சி விதி ஒன்றுதான்: போன வெள்ளம் ஏறிய உயரத்தில் தெருச்சுவரில் சிவப்புக் கோடு இருக்கும்; புது வீட்டின் தரை அதற்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும். இந்தத் தெருவில் கோடு முழங்காலுக்கும் கீழே இருந்தது. வீடு விதிப்படி கச்சிதம்.

"படுக்கையில இருக்கிற உங்கப்பாவை கீழ் ரூம்லயே நிம்மதியா வெச்சுக்கலாம் மேடம். கையெழுத்துப் போடுங்க" என்றார் பில்டர் பால்துரை.

ஜெசிந்தா அண்ணனைக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். சார்ஜ் இல்லை. புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் சார்ஜ் போடக் கேட்டாள்; பால்துரையும் பின்னாலேயே வந்தார்.

அந்த வீட்டு மரகதம்மாள் ஸ்டூல் போட்டு ஏறினார். பிளக் பாயிண்ட் எல்லாமே தலைக்கு மேலே இருந்தன. ஃபிரிட்ஜ்கூட நெஞ்சுயர மேடையில் நின்றது.

"ஏம்மா இவ்ளோ உயரத்துல?"

"குழந்தைங்க கை வெச்சுடும்ல?"

"எங்கே குழந்தைங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்றார் பால்துரை அவசரமாக.

"கல்யாணமாகி பெங்களூர்ல இருக்கு" என்றார் மரகதம்மாள், அதே நொடியில்.

ஜெசிந்தா தெருவுக்கு வந்தாள். பட்டப்பகல். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று அவளையே பார்த்தார்கள். எதிர்வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டுப் பெண் மட்டும் கதவைப் பாதியில் நிறுத்தினாள்.

"அந்தக் கோட்டைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்கக்கா. நீங்க வாங்கினாத்தான் எங்க வீடும் விலைபோகும்."